ஓட்டிசம் பற்றி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வது யார்?

சில மாதங்களுக்கு முன்னர் எமது அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்திருந்தார். தமது மகனைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கேட்பதற்காக அவர் வரவில்லை. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான கல்வி நிலையமொன்றின் விளம்பரத்தை எமது பத்திரிகையில் பார்த்ததாகவும் அதன் விபரத்தைத் தவறவிட்டுவிட்டதாகவும் கூறி, பழைய பிரதியொன்றைத் தேடியே வந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்ன விடயமே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

அவருடைய மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் தரத்தில் கற்றவன். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரையான புகையிரத நிலையங்களின் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்புவிக்கக் கூடியவன். வாசிப்பிலும் வகுப்பில் முன்னணியில் நின்றவன். ஆனால், பாடசாலை மணி ஒலித்ததும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே ஒடுங்கிவிடுவான். சக மாணவர் சிலர் இதனை ஒரு விளையாட்டாக்கிக் கொண்டனர். இடைவேளையின்போது சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அவனது காதுக்கருகே கொண்டுசென்று அடிமட்டத்தால் தட்டுவார்கள். அவன் அலறுவான். அவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் அவன் தட்டிய மாணவனின் கையைக் கடித்துவிட்டான். கடிபட்ட மாணவனின் பெற்றோர் முறையிட்டனர். பாடசாலை நிர்வாகம் தாயை அழைத்து, சிறிது நாட்களுக்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொண்டது. அந்தச் சிறிது நாட்கள் ஏழு மாதங்களாக நீண்டுவிட்டன.

"அந்தப் பிள்ளையளில எனக்குக் கோபமில்லை ஐயா. என்ர பிள்ளைக்கு அந்தச் சத்தம் நோகும் எண்டு அதுகளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று அத்தாய் கூறினார்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய உண்மையொன்று உண்டு. ஓட்டிசம் பற்றிய விழிப்புணர்வு என்றதும் நாம் பெற்றோரையும் வைத்தியரையும் ஆசிரியரையுமே நினைவில் கொள்கிறோம். கருத்தரங்குகளும் செயலமர்வுகளும் அவர்களுக்காகவே நடத்தப்படுகின்றன. ஆனால், ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளை பாடசாலையில் கழிக்கும் நேரத்தின் பெரும்பகுதி சக மாணவர்களுடனேயே கழிகின்றது. அப்பிள்ளை பாடசாலையில் நிலைத்திருப்பதையும் விலகிச் செல்வதையும் பல சந்தர்ப்பங்களில் தீர்மானிப்பவர்கள் அவர்களே. அவர்களுக்கு எவரும் எதனையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஓட்டிசம் என்பது என்ன?

ஓட்டிசம் மூளையின் விருத்தியுடன் தொடர்புடைய ஒரு நிலை. பிறப்புக்கு முன்னரே அதற்கான அடிப்படை அமைந்துவிடுகின்றது என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் முடிவாகும். அது தொற்றுநோயல்ல; மனநோயுமல்ல. மருந்து கொடுத்துக் குணப்படுத்தக்கூடிய வியாதியாகவும் அதனைக் கருத முடியாது. ஏனையோருடன் பேசிப் பழகுவதிலும், முகபாவம், சைகை, குரலின் ஏற்ற இறக்கம் முதலானவற்றின் பொருளை உணர்வதிலும் இவர்கள் வேறுபடுகின்றனர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், குறிப்பிட்ட ஒரு விடயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொள்ளல், வழமையில் ஏற்படும் மாற்றத்தைத் தாங்க முடியாதிருத்தல் என்பனவும் இவர்களிடம் காணப்படும். ஒலி, ஒளி, மணம், தொடுகை என்பவற்றை ஏனையோரைவிட மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதும் உண்டு.

இவை எல்லோரிடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லேனும் பேசாதவர்களும் இதில் அடங்குவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களும் அடங்குவர். அமெரிக்காவில் 1947 இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் சிறு வயதில் பேச்சு வராதிருந்தவர். பிற்காலத்தில் அவர் கால்நடை விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். இதனாலேயே வைத்தியர்கள் இதனை ஓட்டிச நிறமாலை என்று குறிப்பிடுகின்றனர். எனினும், ஓட்டிசம் உள்ள ஒவ்வொருவரிடமும் ஏதோவொரு அபூர்வ ஆற்றல் மறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறாகும். திறமை இருப்பதனால்தான் ஒருவர் மதிக்கப்பட வேண்டும் என்பதில்லை.

2021 ஆம் ஆண்டில் உலகில் 127 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசம் உள்ளவர்கள் இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இலங்கையில் 18 முதல் 24 மாதங்கள் வரையான வயதுடைய குழந்தைகளிடையே மேற்கொள்ளப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற வீதத்தைக் கண்டறிந்தது. அது 374 குழந்தைகளை மாத்திரம் கொண்ட சிறிய ஆய்வு. முழு நாட்டுக்கும் அந்த எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும், ஏனைய நாடுகளின் நிலைமையிலிருந்து நாம் விலகியிருக்கவில்லை என்பதை அது காட்டுகின்றது. ஆயிரம் மாணவர்கள் கற்கும் ஒரு பாடசாலையில் ஏழெட்டுப் பேராவது இத்தகையோராக இருக்கக் கூடும். அவர்களில் சிலர் எவராலும் அடையாளங் காணப்படாமலே இருப்பர். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் ஏனைய மாணவிகளைப் பார்த்து, அவர்களைப் போலவே நடந்துகொள்ளப் பழகிவிடுவதனால் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமற் போகின்றனர்.

பெரியோரின் தவறுகள்

பிள்ளைகள் தாமாக எந்த வெறுப்பையும் உண்டாக்கிக் கொள்வதில்லை. வீட்டிலும் வீதியிலும் கேட்பனவற்றையே அவர்கள் பாடசாலைக்கு எடுத்து வருகின்றனர். எம்மத்தியில் கேட்கக் கூடியவை எவை? "விசர்", "மென்டல்", "லூசு" என்பன சாதாரணமாகப் புழங்குகின்ற சொற்கள். நாவூறு, செய்வினை, பேய்பிசாசு, முற்பிறவி வினை என்று காரணங் கற்பிப்போர் ஒருபுறம். தாய் வெளிநாட்டுக்குச் சென்றதனால் வந்தது, தாய் வேலைக்குப் போவதனால் வந்தது என்று பழி சுமத்துவோர் மறுபுறம். "அந்தப் பிள்ளையோடு சேராதே, உனக்கும் பழகிவிடும்" என்று சொல்லியனுப்பும் பெற்றோரும் உளர்.

இதில் படிக்காதவர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. படித்தோரும் விஞ்ஞானத்தின் பெயரால் இதே தவறைச் செய்துள்ளனர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ கனர் 1943 இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்ஜர் இதனையொத்த பிள்ளைகள் பற்றி எழுதினார். அதன் பின்னர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக, அன்பு காட்டாத தாய்மாரே இதற்குக் காரணம் என்ற கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. சிக்காகோவில் பணியாற்றிய புரூனோ பெட்டல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூல் அக்கொள்கையை மேலும் பரப்பியது. எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்துக்காகத் தம்மைத் தாமே நொந்துகொண்டு வாழ்ந்தனர்.

1977 இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அக்கொள்கையின் அடித்தளத்தை அசைத்தது. ஒத்த இரட்டையர் 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. ஒவ்வாத இரட்டையர் 10 சோடிகளில் ஒன்றிலேனும் அவ்வாறு இருக்கவில்லை. ஆகவே, இது வளர்ப்பினால் வருவதல்ல, பரம்பரை அலகுகளுடன் தொடர்புடையது என்பது புலனாகியது.

மற்றொரு தவறு தடுப்பூசி பற்றியது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான முக்கூட்டுத் தடுப்பூசியே ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற ஐயத்தை 1998 இல் லண்டனின் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையொன்று எழுப்பியது. 2010 இல் அச்சஞ்சிகை அதனை முற்றாக மீளப்பெற்றது. கட்டுரையின் பிரதான ஆசிரியரான அன்ட்ரூ வேக்பீல்டின் பெயர் அதே ஆண்டில் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டது. இருந்தும், இந்த வதந்தி இன்றும் கைத்தொலைபேசிகள் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றது.

பெரியோரின் அறியாமையை ஒரேநாளில் அகற்ற முடியாது. ஆனால், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நாளைய பெற்றோர். நாளைய ஆசிரியர்கள், வைத்தியர்கள், உத்தியோகத்தர்கள். அவர்களிடமிருந்து தொடங்குவதே இலகுவானதும் பயன்மிக்கதுமாகும்.

பாடசாலை என்னும் இரைச்சல்

எமது பாடசாலைகளை ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் நிலையிலிருந்து சற்று நோக்குவோம். காலைக் கூட்டத்தில் வெயிலில் நெருக்கமாக நிற்க வேண்டும். ஒலிபெருக்கி காதைத் துளைக்கும். தடுப்புச் சுவரில்லாத மண்டபத்தில் மூன்று வகுப்புகளின் சத்தம் ஒன்றாகக் கலக்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பது எமக்கு இயல்பாக வருகின்றது. அவர்களுக்கு அது பெரும் பிரயத்தனம். இன்று கணித ஆசிரியர் விடுமுறை, ஆதலால் சித்திர பாடம் நடைபெறும் என்றால் ஏனைய மாணவர்கள் துள்ளிக் குதிப்பர். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அந்த நாளே குழம்பிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் நேரசூசியே இல்லாமற் போகின்ற வாரங்கள் அவர்களுக்குப் பெரும் சோதனையாகும்.

மொழியும் ஓர் இடர்ப்பாடே. "காதைக் கொடுத்துக் கேள்" என்றால் காதை எவ்வாறு கொடுப்பது என்று அவர்கள் திகைக்கக் கூடும். "உனக்கு எத்தனை தரம் சொல்வது?" என்று ஆசிரியர் சினந்தால், "மூன்று தரம்" என்று விடை சொல்லக் கூடும். அது திமிரன்று. கேட்ட கேள்விக்கு அவர்கள் நேர்மையாகப் பதில் சொல்கின்றனர்.

இவ்வாறான சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து தாங்க முடியாத கட்டத்தை எட்டும்போதே பிள்ளை அலறுகின்றது, ஓடுகின்றது, சில வேளைகளில் அடிக்கவோ கடிக்கவோ செய்கின்றது. அடம்பிடித்தலுக்கும் இதற்கும் வேறுபாடுண்டு. அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்ததும் அமைதியாகிவிடும். இந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது பொருளன்று. அமைதியான ஓரிடமும் சிறிது நேரமும் மட்டுமே. இந்த வேறுபாடு தெரியாத மாணவர்கள் பயப்படுகின்றனர், அல்லது சிரிக்கின்றனர். இவ்விரண்டுமே நிலைமையை மோசமாக்குகின்றன.

குறைபாடு ஒருபக்கத்தில் மட்டுமா?

ஓட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறரின் மனதை விளங்கிக்கொள்ளத் தெரியாது என்று நீண்டகாலமாகக் கூறப்பட்டு வந்தது. 2012 இல் பிரித்தானிய சமூகவியலாளரும் தாமே ஓட்டிசம் உள்ளவருமான டேமியன் மில்ற்றன் இதற்கு ஒரு மறுப்பை முன்வைத்தார். அவர்களுக்கு எம்மை விளங்கவில்லை என்பது உண்மையானால், எமக்கும் அவர்களை விளங்கவில்லை என்பதும் அதேயளவு உண்மை. ஆகவே விளங்காமை இருபக்கத்திலும் உள்ளது என்பதே அவரது வாதம். 2020 இல் எடின்பரோவில் இருந்து வெளியான ஆய்வொன்று இதற்கு வலுச் சேர்த்தது. ஒரு செய்தியை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வரிசையாகக் கடத்துமாறு கேட்டபோது, ஓட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் அதனை ஏனையோருக்கு நிகராகவே கடத்தினர். இருசாராரும் கலந்த வரிசையிலேயே செய்தி கூடுதலாகச் சிதைந்தது.

இந்த விளங்காமை எவ்வளவு விரைவாக நிகழ்கின்றது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓட்டிசம் உள்ளவர்களைச் சில வினாடிகள் ஒளிப்பதிவில் பார்த்தவர்கள், அவர்களோடு பழகுவதற்குத் தயக்கம் தெரிவித்ததாக 2017 இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. அவர்கள் பேசியதை எழுத்தில் மாத்திரம் வாசித்தவர்களிடம் இந்தத் தயக்கம் காணப்படவில்லை. சொன்ன விடயத்தில் குறையில்லை, சொன்ன விதமே ஏனையோரை விலக்கி வைத்தது என்பதே இதன் பொருளாகும். வகுப்பறையில் ஒரு பிள்ளை முதல்நாளே தனிமைப்பட்டு விடுவது எவ்வாறு என்பதை இது விளக்குகின்றது.

இவற்றிலெல்லாம் எமது விடயத்துக்கு மிக நெருங்கியது, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த கொனி கசாரியும் சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வாகும். சாதாரண வகுப்புகளில் கற்ற, ஓட்டிசம் உள்ள 60 பிள்ளைகள் இதில் பங்குபற்றினர். சிலருக்கு நேரடியாகப் பழகும் பயிற்சி வழங்கப்பட்டது. வேறு சிலருடைய வகுப்புகளில், அப்பிள்ளைக்கன்றிச் சக மாணவர் மூவருக்கே பயிற்சி வழங்கப்பட்டது. தனித்து நிற்கும் பிள்ளையை எவ்வாறு விளையாட்டில் சேர்த்துக்கொள்வது என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆறு வாரங்களின் பின்னர் கூடுதல் பலனைத் தந்தது இந்த இரண்டாவது வழியே. அப்பிள்ளைகளைத் தமது நண்பர் என்று குறிப்பிட்ட மாணவர்களின் எண்ணிக்கை கூடியது. விளையாட்டிடத்தில் அவர்கள் தனித்து நிற்பது குறைந்தது.

ஒரு பிள்ளையைத் திருத்துவதற்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கை அதனைச் சூழவுள்ள பிள்ளைகளுக்குச் செலவிட்டால் நிலைமை மாறும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள், அதிலும் தமிழ்மொழி மூலம் பணியாற்றக்கூடிய பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் மிக அரிதாகவே உள்ள எமது பிரதேசங்களுக்கு இது மிகவும் பொருத்தமான வழியாகும். சக மாணவர்களுக்கு எம்மிடம் பஞ்சமில்லை.

என்ன சொல்வது, எவ்வாறு சொல்வது?

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. எல்லோருடைய கண்ணும் ஒன்றுபோல் இல்லாததனால் சிலர் கண்ணாடி அணிகின்றனர். அதேபோல எல்லோருடைய மூளையும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை என்று தொடங்கலாம். உங்களுக்குப் பிடிக்காத சத்தம் எது, தொட விரும்பாத பொருள் எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். கரும்பலகையில் நகம் உரசும் சத்தம் என்று ஒருவன் சொல்வான். ஈரமான சப்பாத்து என்று ஒருத்தி சொல்வாள். அந்த உணர்வே நாள் முழுவதும் ஒருவருக்கு இருந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் நிறுத்திக்கொண்டாற் போதும். உலகெங்கும் சிறுவர்கள் பார்க்கும் செசமி ஸ்ட்ரீற் நிகழ்ச்சியில் 2017 இல் தொலைக்காட்சியில் தோன்றிய ஜூலியா என்ற ஓட்டிசம் உள்ள பாத்திரத்தின் மூலம் செய்யப்பட்டதும் இதுவே. எடின்பரோ பல்கலைக்கழகம் 8 முதல் 11 வயது வரையான மாணவர்களுக்காக 2022 இல் வெளியிட்ட பாடத்தொகுதியும் தனியொரு பிள்ளையைச் சுட்டிக்காட்டாமல், மனிதர்கள் எல்லோரும் வேறுபட்டவர்கள் என்பதிலிருந்தே தொடங்குகின்றது.

இடைநிலைப் பிரிவு மாணவர்களுக்கு விஞ்ஞான விளக்கத்தைக் கொடுக்கலாம். முன்னர் கூறிய தடுப்பூசிக் கதையையும் தாய்மாரைப் பழித்த கதையையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு தவறான கருத்து எவ்வாறு பரவியது, எவ்வாறு முறியடிக்கப்பட்டது என்பது அவர்களது சிந்தனைக்கும் நல்ல பயிற்சியாகும். உயர்தர மாணவர்களும் மாணவத் தலைவர்களும் சிற்றுண்டிச்சாலை, கழிவறை, பாடசாலைப் பஸ் ஆகிய இடங்களைக் கவனிக்கப் பழக வேண்டும். ஆசிரியரின் கண்ணுக்கு எட்டாத அவ்விடங்களிலேயே பெரும்பாலான கேலிகள் நடைபெறுகின்றன.

சக மாணவர் செய்யக் கூடியவை மிக எளியவை. சுருக்கமாகப் பேசுதல், கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சற்றுக் காத்திருத்தல், முன்னறிவிப்பின்றித் தொடாதிருத்தல், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதற்காகக் கோபியாதிருத்தல், விளையாட்டுக்கு அழைத்தல், மறுத்தால் மறுநாளும் அழைத்தல், மணி ஒலிக்க முன்னர் சொல்லிவைத்தல், எவராவது துன்புறுத்தினால் ஆசிரியருக்கு அறிவித்தல். வார இறுதியில் அறநெறிப் பாடசாலையிலும் குர்ஆன் மத்ரஸாவிலும் சந்திப்பவர்களும் பெரும்பாலும் இதே பிள்ளைகள்தான். ஆகவே, வகுப்பறையில் கற்றது கோவில் திருவிழாவிலும் பெருநாள் தினத்திலும் கைகொடுக்கும்.

தவிர்க்க வேண்டியனவும் உள. பெற்றோரின் அனுமதியின்றி, வளர்ந்த பிள்ளையாயின் அப்பிள்ளையினதும் சம்மதமின்றி, "இவனுக்கு ஓட்டிசம்" என்று வகுப்பில் அறிவிப்பது பெருந்தவறு. அப்பிள்ளையை எழுந்து நிற்கச் செய்து அனுதாபம் கோருவது அதனினும் தவறு. ஏப்ரல் 2 ஆம் திகதியன்று நீல நாடா அணிந்து, உரையாற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவதோடு பணி முடிந்துவிட்டதாகக் கருதவும் கூடாது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 டிசம்பரில் பிரகடனப்படுத்தி, 2008 முதல் அனுஷ்டிக்கப்பட்டுவரும் அத்தினம் ஒரு தொடக்கத்துக்கு உதவலாம். மேலும், ஓட்டிசம் என்ற சொல்லையே மாணவர்கள் ஒரு வசைச்சொல்லாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடக் கூடாது. சொல்லை மட்டும் அறிமுகப்படுத்தி, பொருளை விளக்காது விடும் இடங்களிலேயே இந்த ஆபத்து உண்டு.

ஏனைய பிள்ளைகளின் படிப்பு

இவ்விடத்தில் எழக்கூடிய ஆட்சேபத்தை நாம் அறியாதவர்களல்லர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் எங்கே? ஒரு பிள்ளைக்காக நாற்பது பிள்ளைகளின் படிப்புக் கெடலாமா? கடிபட்ட மாணவனின் பெற்றோருக்கு என்ன பதில்?

அப்பெற்றோரின் கவலை நியாயமானதே. எந்தப் பிள்ளையும் கடிபட வேண்டியதில்லை. ஆனால், நாம் குறிப்பிட்ட சம்பவத்தில் வகுப்பு எதனால் குழம்பியது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். குழப்பியது பிள்ளையின் ஓட்டிசமன்று. சாப்பாட்டுப் பெட்டியின் மூடி. அதனைத் தட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் அவனுக்கு வலியைத் தருகின்றது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், தட்டியிராத பிள்ளைகளே பலராக இருந்திருப்பர். மீறித் தட்டியவனைத் தடுக்கவும் ஒருவராவது முன்வந்திருப்பர். வாரத்தில் ஒரு பாடவேளையைக்கூட இதற்கு ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு தவணைக்கு இரண்டோ மூன்றோ பாடவேளைகள் போதுமானவை. பிறரின் வலியை அறிந்து நடப்பதற்குப் பழகிய வகுப்பில் ஏனைய பிள்ளைகளின் படிப்பும் சீராகவே நடைபெறும்.

அத்துடன் இது கருணையின்பாற்பட்ட விடயம் மாத்திரமன்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், கல்வி நிறுவனத்தில் அனுமதி பெறும் விடயத்தில் எவருக்கும் வலுக்குறைவைக் காரணங் காட்டிப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. ஐக்கிய நாடுகளின் வலுக்குறைவுடையோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே, "கொஞ்ச நாளைக்கு வீட்டில் வைத்திருங்கள்" என்ற மென்மையான வார்த்தைகளால் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவைப்பது அப்பிள்ளையின் உரிமையை மறுப்பதாகும்.

கல்வி அதிகாரிகள் ஆசிரியர் பயிற்சியில் இதனைச் சேர்க்க வேண்டும். தேசிய கல்வி நிறுவகம் தமிழில் எளிய கைந்நூலொன்றைப் பாடசாலைகளுக்குக் கிடைக்கச் செய்யுமாயின் அது பேருதவியாக அமையும். ஆனால், இவையெல்லாம் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. விசேட கல்வி அலகு இல்லாத பாடசாலையிலும் ஒரு வகுப்பாசிரியர் நாளையே செய்யக்கூடிய காரியம் இது. பணம் தேவையில்லை, சுற்றறிக்கை தேவையில்லை. பிள்ளைகளை அமரவைத்து, பத்து நிமிடம் பேசுவதற்கான மனமே தேவை. வீட்டில் பெற்றோரும் இதனையே செய்யலாம். தமது பிள்ளை வகுப்பில் யாருடன் விளையாடுகின்றது என்று கேட்பதோடு, யாருடன் எவரும் விளையாடுவதில்லை என்பதையும் ஒருநாள் கேட்டுப் பார்க்கட்டும்.

எமது அலுவலகத்துக்கு வந்திருந்த தாய் தாம் தேடிய பழைய பிரதியைப் பெற்றுக்கொண்டு சென்றார். அந்த நிலையம் அவருடைய வீட்டிலிருந்து இரண்டு பஸ்கள் மாறிச் செல்ல வேண்டிய தூரத்தில் உள்ளது. மகன் முன்னர் கற்ற பாடசாலையோ அவர்களது வீதியின் முடிவிலேயே இருக்கின்றது. அதன் மணியோசை வீட்டுக்குக் கேட்கும் என்றும், அவ்வேளைகளில் அவன் இப்போதும் காதைப் பொத்திக்கொள்கிறான் என்றும் அவர் சொன்னார். அச்சிறுவனுக்கு விரைவில் ஒன்பது வயது ஆகப்போகின்றது. சட்டப்படி பார்த்தால், அவன் இன்னும் ஏழு ஆண்டுகள் பாடசாலையில் இருக்க வேண்டியவன்.